பொம்மக்கா தெரு

ஜூன் 10

பாப்பாவின் எடை ஒன்பது கிலோ இருநூறு. போன மாதமும் அதேதான். இது சரியா என்று போனில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது.

நான் ஊட்டினால் துப்புகிறாள். எதிர்வீட்டு மணிமேகலை அக்கா ஊட்டினால் மட்டும் வாயைத் திறக்கிறாள். அதே ராகிக் களி, அதே கிண்ணம். பொறாமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இறங்குகிறதே.

பேரூராட்சியிலிருந்து ஆள் வந்தார். மாரண்டஹள்ளியில் தெருவுக்குத் தெரு பெயர்ப்பலகை வைக்கிறார்களாம். எங்கள் சந்துக்குப் பெயரே கிடையாது. கூரியர்காரரிடம் "மாவு மில்லுக்குப் பின்னாடி" என்றுதான் சொல்கிறோம். இரண்டு வாரத்துக்குள் எல்லோரும் ஒரே பெயரை, காரணத்தோடு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம்.

பதினான்கு வீடு. ஒரு பெயர் கிடைக்காதா?

ஜூன் 12

கிடைக்கவில்லை. என் மாமனார் அல்போன்ஸ் மாமா 'அந்தோணியார் தெரு' என்கிறார். மணி அக்காவின் மாமனார் கோவிந்தன் 'முனியப்பன் தெரு' என்கிறார்.

"உங்க அந்தோணியார் எந்த வருசங்க இந்தச் சந்துல குடி இருந்தாரு?" என்றார் அவர்.

"உங்க முனியப்பன் மட்டும் வூட்டு வரி கட்டினாரா?" என்றார் இவர்.

சாயங்காலம் எதிர்வீட்டு கேட் சாத்தியிருந்தது.

ஜூன் 13

இன்றும் சாத்தித்தான் இருக்கிறது. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு "மணிமா, மணிமா" என்று அழுதாள். உள்ளே அக்காவின் நிழல் தெரிந்தது. வரவில்லை, வர விடவில்லை. அரை இட்லி. அதையும் துப்பிவிட்டாள்.

ஜூன் 15

ஒரு காரியம் செய்துவிட்டேன்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "இந்தத் தெருவின் பழைய பெயர் பொம்மக்கா தெரு. ஓசூருக்கு மாட்டுவண்டி கட்டிப் போனவர்களுக்கு இங்கே பொம்மக்கா என்ற பெண்மணி கேழ்வரகுக் கூழ் ஊற்றினார். யார், எந்த ஊர் என்று ஒருவரையும் கேட்டதில்லை."

பொம்மக்கா எங்கள் கல்லூரி விடுதியில் சமைத்தவர். கூழ் ஊற்றியதில்லை, உப்புமாதான். சாமி பெயரும் வேண்டாம், எந்த வீட்டுத் தாத்தா பெயரும் வேண்டாம் என்று யோசித்தபோது அவர் முகம்தான் வந்தது. நான் பி.ஏ. வரலாறு. நம்பிவிடுவார்கள் — நம்புவார்களா? எல்லாருக்கும் நீலக் குறி விழுந்துவிட்டது. இனி அழிக்கவும் முடியாது. கடவுளே.

ஜூன் 16

நம்பிவிட்டார்கள்!

கோவிந்தன் ஐயா குரல் பதிவே போட்டிருக்கிறார்: "எங்கப்பா அந்தம்மா கையில கூழு வாங்கிக் குடிச்சிருக்காருங்க. தொட்டுக்க வெங்காயம் குடுப்பாங்களாம்."

வெங்காயம் நான் எழுதவே இல்லை.

மாமா விடுவாரா? "பானை வெச்சிருந்த எடமே நம்ம வாசல்தான். அந்த அடுப்புக் கல்லை நானே பாத்திருக்கேன்."

ஜூன் 19

கெட்டது காரியம். பொம்மக்கா கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கினார் என்கிறார் மாமா. அவர் தன் பாட்டனாருடைய கூடப்பிறந்த தங்கச்சி என்கிறார் கோவிந்தன் ஐயா. இரண்டு பேருக்கும் மறுபடி பேச்சு இல்லை. இப்போது எதிர் கேட்டுக்குப் பூட்டும் போட்டாயிற்று.

பாப்பா இன்று குடித்தது பால் மட்டும். இதுக்குத்தானா இவ்ளோ பண்ணினே, பிளசி? பேசாம இருந்திருக்கலாமே. இடுப்பு எலும்பு கையில் தட்டுப்படுகிறது. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

ஜூன் 23

பேரூராட்சி ஆள் காகிதத்தோடு வந்தார். தெருவே கூடி நின்றது. இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"மாமா, பொம்மக்கான்னு யாருமே இல்லைங்க. நான்தான் கதை கட்டி எழுதினேன். மன்னிச்சிருங்க."

அவமானத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கோவிந்தன் ஐயாதான் முதலில் சிரித்தார். "ஏங்கண்ணு, தொப்பூர்லருந்து வாக்கப்பட்டு வந்து மூணு வருசம் ஆவுதா? எங்க தெருவப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

மாமா நாலு நாளில் முதல் தடவையாக அவர் பக்கம் திரும்பினார். "அதானுங்க! ரெண்டு புத்தகம் படிச்சிட்டா எல்லாத்தையும் இல்லைன்னு சொல்லிர்றது. அந்தக் கல்லை நான் கண்ணால பாத்தவன்!"

"வெங்காயத்துக்கு என்ன சொல்லுவா, கேளுங்க!"

"இல்லைன்னுடுவா."

"அப்ப எங்கப்பா குடிச்சது என்ன, தண்ணியா?"

என்னை எதிர்க்கிற வேகத்தில் ஞானஸ்நானமும் போயிற்று, தங்கச்சி உறவும் போயிற்று. இரண்டு பேரும் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டார்கள். என்னையும் போடச் சொன்னார்கள். போட்டேன்.

ஜூலை 6

நேற்றுப் பலகை வைத்தாயிற்று. கேட் திறந்தே கிடக்கிறது. மதியம் பாப்பா மணி அக்கா மடியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம் களியையும் காலி பண்ணினாள். கடைசி வாயை நான் ஊட்டினேன். துப்பவில்லை. ஏமாந்துவிட்டாளோ?

அக்கா என் காதோரம் குனிந்தார். "உண்மையச் சொல்லு. நீ கட்டுன கதைதானே?"

"ஆமாக்கா."

"அப்ப அந்தம்மாவுக்குப் புருசன் யாரு?"

"அதை இன்னும் யோசிக்கலைக்கா."

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். அங்கே மாமனார்கள் இரண்டு பேரும், பொம்மக்கா வெங்காயத்தை நறுக்கிக் கொடுத்தாரா, முழுசாகவே கொடுத்தாரா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"யோசிக்காத," என்றார் அக்கா. "அவளாவது நிம்மதியா இருக்கட்டும்."