தண்ணீரை மறந்த கோட்டை

உன் பட்டாளத்துத் தண்ணீர்க் குப்பியின் கம்பளி உறை நனைந்தால் ஒரு வாடை வரும். மழையில் நனைந்த ஆட்டு மந்தையின் வாடை. இன்று காலை அதை ஊர்க்கிணற்றில் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டு, குருபரப்பள்ளிச் சாலையில் லாரிக்குச் சுமை ஏற்றப் போனேன். வழியில் ஒரு டீக்கடை. ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். வட எல்லையில் சீனாக்காரன் நம் ஆட்களைச் சுட்டுவிட்டான். பெஞ்சில் இருந்தவர்கள் நாட்டுக்காக ரத்தம் கொடுப்போம் என்று கொதித்தார்கள். படித்தவர் தாளை மடித்துக்கொண்டே, "பயப்படாதீங்கய்யா, இமயமலை இருக்குது. அதத் தாண்டி எவன் வருவான்?" என்றார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்கு வெளியே மண்ணில் குந்தி, நம் சேரி ஆட்களுக்கென்று வைத்திருக்கும் கொட்டாங்கச்சியில் டீ குடிப்பவன் நாட்டுக் காவலைப் பற்றிச் சிரிப்பதா என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது.

நான் ஏன் சிரித்தேன் என்று உனக்குத் தெரியும். இதே பேச்சைத்தான் சில வருடங்களுக்கு முன்பு குடியரசு நாள் கூட்டத்தில் மணியக்காரர் பேசினார். அப்போது சீனாக்காரன் நமக்கு அண்ணன் தம்பி. ஊர்ப் பெரிய தலையும் அவரே, அரசாங்க முத்திரையும் அவரிடமே என்பதால், நாட்டைப் பற்றிப் பேசவும் அவருக்கே உரிமை. தாசில்தார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வடக்கே மலை, மூணு பக்கமும் கடல். ஆண்டவனே கட்டின மதில்" என்று மணியக்காரர் முழங்கினார். கடைசியில், தனியாக உட்கார வைத்திருந்த நம் தெரு ஆட்களின் நடுவிலிருந்து நீ எழுந்தாய்.

"அய்யா, நம்மூரு மலை மேலயும் கோட்டை மதிலு இருக்குதே. அதும் விழுந்துதானே கெடக்குது?"

ஊர் சிரித்தது. மணியக்காரருக்கு முகம் கறுத்தது. "பேச்சப் பாரு. என் புள்ளைங்க மேல நிப்பானுங்க. நீ ஏறிப் புடிச்சுக் காட்டுடா பாக்கலாம்."

"காட்டறேன். புடிச்சா எங்க பொம்பளைங்க ஊர்க்கெணத்துல தண்ணி சேந்தணும்."

சிரித்துக்கொண்டிருந்த ஊர் தாசில்தாரைத் திரும்பிப் பார்த்தது. உன் அக்கா தினமும் கைக்குழந்தையோடு அந்தக் கிணற்றுக்கு எட்ட நின்று, யாராவது மனம் வைத்து ஒரு குடம் ஊற்றுவார்களா என்று காத்துக் கிடப்பாள். தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்ததாக தாசில்தார் சற்று முன்தான் சொல்லியிருந்தார். சட்டம் டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டது. நம் கிணற்றை இன்னும் வந்து சேரவில்லை. தாசில்தார் முன்னால் பின்வாங்க முடியாமல் மணியக்காரர், "சரிடா" என்றார்.

யுகாதிக்கு மறுநாள் யாரும் வேலைக்குப் போவதில்லை. அந்த நாளைக் குறித்தோம். கல்லெறி கூடாது, தடி கூடாது. கீழே இறங்கி வந்தவன் திரும்ப ஏறக் கூடாது. பொழுது சாய்வதற்குள் உச்சிக் கொடியை நாம் எடுத்தால் கோட்டை நம்முடையது.

அவர்கள் காலையிலேயே தம்பட்டம் அடித்துக்கொண்டு ஏறினார்கள். மணியக்காரர் மகன்கள், பங்காளிகள், மைத்துனர்கள், ஒசூர்ப் பக்கத்திலிருந்து வந்த கன்னடம் பேசும் உறவுக்காரர்கள். கூடை நிறைய புளிச்சோறு, ஊறுகாய், ஒரு செம்பு மோர். எனக்கு உடம்பு முறுக்கேறி நின்றது. "பின்பக்கப் பாறையில ஏறி மோதிரலாம்டா" என்றேன். நீ புளியமரத்தடியில் துண்டை விரித்தாய்.

"உக்காரு. அவனுங்கள்ல எவனாவது தண்ணிக்கொடம் தூக்கிப் பாத்திருக்கியா?"

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் உன்னைக் கட்டிப் பிடித்துக் குதித்தேன். அந்த வீட்டு ஆண்கள் குடம் தொட்டால் கேவலம்; குடிதண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை. மற்றச் சுமையெல்லாம் நம் வேலை. பெண்கள் நம் கூட்டத்தைத் தாண்டி மலையேற மாட்டார்கள். நாமோ கீழே உட்கார்ந்திருக்கிறோம். மேலே சுனை பங்குனியில் காய்ந்து கிடக்கும். புளிச்சோறும் ஊறுகாயும் மட்டும் குறைவில்லாமல் போயிருக்கிறது!

உச்சி வெயிலில் தம்பட்டம் நின்றது. பிறகு குரல்கள் வந்தன. "தண்ணி!" என்றான் ஒருவன். "நீள்ளு!" என்றான் தெலுங்கு பேசும் ஒரு மைத்துனன். ஒசூர்க்காரன் "நீரு கொட்ரோ!" என்று அலறினான். நம் ஆட்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

மூத்த மகன் மதிலில் நின்று என் அப்பாவைக் கூப்பிட்டான். "டேய், வீட்டுக்கு ஓடிப்போய் தண்ணி அனுப்பச் சொல்லுடா!"

அப்பா எழுந்துவிட்டார். பழக்கம் அப்படி. கால் அதுவாகவே நடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். நீதான் மெதுவாக, "மாமா, உக்காரு" என்றாய்.

"புள்ளைங்க நா வறண்டு கெடக்குதுடா. பாவம்டா."

"பாவந்தான். நானே கொண்டு போறேன்."

நம் மண்பானையை நீ தோளில் வைத்துக்கொண்டு படியேறினாய். கோட்டை வாசலில் இறக்கி வைத்து, "குடிங்க. எங்க பானை, எங்க ஓடைத் தண்ணி" என்றாய். உன் பின்னால் நின்ற நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். நாக்கு உதட்டை நக்குகிறது, கை நீளவில்லை. ஒரு சின்னவன் அழும் குரலில், "அண்ணா, ஒரு வாயி" என்றான். "குடிச்சுட்டு வீட்டுக்குள்ள வந்துருவியா?" என்று அண்ணன் அறைந்தான். அவ்வளவுதான். சின்னவன் நம்மைத் தாண்டிக் கீழே ஓடினான், ஊர்க்கிணற்றுக்கு. அவன் பின்னால் இன்னொருவன். பிறகு பங்காளி, மைத்துனன், ஒசூர்க்காரன், கடைசியில் அறைந்த அண்ணனும். யாரும் யாரையும் தொடவில்லை. நீ நடந்து போய்க் கொடியை எடுத்தாய். எத்தனை கத்தினோம்! தொண்டை கிழிந்து, அதே பானைத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி கத்தினோம்.

மணியக்காரர் ஒரே வரியில் முடித்தார்: "வெளையாட்டு வேற, வழக்கம் வேற." கோபத்தில் நான் கல்லைத் தேடினேன். நீ சொன்னாய்: "எதிரி எத்தினி பெரியவன்னு பாக்காத. அவனுக்கு எது எந்த வழியா வருதுன்னு பாரு."

மாங்காய்ப் பருவம் வந்தது. வேப்பனப்பள்ளி வரை பரந்து கிடந்த அவர் தோப்புகளில் காய் முற்றித் தொங்கியது. பறிக்க நம் தெருவிலிருந்து ஒரு கை நீளவில்லை. நாம் இளைஞர்கள் அணை கட்டும் இடத்தில் கல் சுமந்து கொண்டுவந்த கூலியில் தெருவே கூழ் குடித்தது. வியாபாரிகளின் லாரிகள் வந்து நின்றன, காலியாகத் திரும்பின. காய் பழுத்து விழுந்து ஈ மொய்க்க ஆரம்பித்த ஒரு காலையில், "தண்ணிதானே, சேந்திக்கிட்டுப் போங்கடா" என்று சொல்லியனுப்பினார். உன் அக்கா கயிற்றை இறக்கினாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தத்துக்கு நம் பெண்கள் குலவையிட்டார்கள்.

அதன் பிறகுதான் நீ பட்டாளத்தில் சேர்ந்தாய். விடுமுறையில் வந்தவன் இந்தக் குப்பியை எனக்குக் காட்டி, "மலை மேல இதுல எல்லாரும் வாய வெச்சுக் குடிக்கறோம்டா. எவன் எந்தத் தெருன்னு கேக்க அங்க மூச்சு இருக்காது" என்றாய். உன் கண் மின்னியது. அடுத்த நொடி குரல் மாறியது. "ஆனா ரோடு இல்ல. முதுகுலயே சுமக்கறோம். ஆள மேல ஏத்திட்டுத் தண்ணிய மறந்துட்டாங்கடா."

நாம் இங்கே அண்ணன் தம்பி என்று கோஷம் போட்ட நாளெல்லாம் சீனாக்காரன் அந்தப் பக்கம் சாலை போட்டிருக்கிறான். அதைச் சொன்னால் தேசத் துரோகி என்கிறார்கள். நீ சண்டையில் சுடப்பட்டுச் சாகவில்லை. மேலே இருந்தவர்களுக்கு அரிசி மூட்டை சுமந்து ஏறும்போது பனி சரிந்தது. உன் பெட்டியை அனுப்பினார்கள். அக்கா குப்பியை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

இன்று சிரித்து முடித்ததும் கொட்டாங்கச்சியை மண்ணில் கவிழ்த்தேன். கடைக்குள் போய்க் குப்பியைப் பெஞ்சின் நடுவில் வைத்தேன். "இமயமலையில இருந்து வந்த குப்பிங்க இது. என் சேக்காளி அங்கதான் செத்தான். நாட்டுக்கு ரத்தம் குடுக்கறவங்க மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க" என்றேன்.

செய்தித்தாள்காரர் தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். கடைக்காரன், "வெளிய போடா" என்று வாயெடுத்தான். அதற்குள் ஓரத்தில் இருந்த ஒரு லாரி டிரைவர், எந்த ஊர்க்காரரோ, குப்பியை எடுத்து மூடியைத் திருகி, வாய் வைத்து மடமடவென்று குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார்.

"நல்ல தண்ணி. எந்தக் கெணறு?"

"எங்க ஊர்க் கெணறுங்க" என்றேன்.

பாதி காலியான குப்பியைத்தான் இப்போதும் தோளில் மாட்டியிருக்கிறேன். நாளைக்கு நிரப்பிக்கொண்டு மறுபடி அதே கடைக்குப் போவேன்.