மஞ்சளைச் சுற்றி வட்டம் இல்லை

என் பாசக்கார அப்பாவுக்கு,

கண்ணாடித் தட்டில் மஞ்சள் தோய்த்த காகிதப் பொட்டைச் சுற்றி வட்டம் விழவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். தட்டு முழுக்கப் பாசிபோல் ஏதோ படர்ந்திருந்தது. பக்கத்துத் தட்டிலும் அதே நிறப் பொட்டுதான், ஆனால் அதைச் சுற்றித் துடைத்துவிட்டதுபோல் ஒரு வட்டம்.

நீங்கள் போனபிறகு பெக்கோக் ஊரை விட்டுக் குளுவாங் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கூட்டித் துடைக்கிறேன். யாரிடமும் பேசமாட்டேன், உங்களுக்குத் தெரியுமே. நேற்று மட்டும் அந்தத் தட்டுகளை வைத்த வாணி அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

“வட்டம் விழுந்தா கிருமி செத்துப்போச்சுனு அர்த்தம்,” என்றார். “இது சும்மா மஞ்சள்ல இருந்து பிரிச்ச சத்து. தண்ணியில கரையாது, உடம்புலயும் சரியா சேராது. அந்தப் பக்கம் இருக்கிறது, அதே சத்தோட வேற ஒண்ண ஒட்டவெச்சு நாங்க மாத்தினது. அடுத்து வைரஸுக்கும் போட்டுப் பார்க்கணும்.”

“அப்ப மருந்து வந்துடுச்சாக்கா?”

“ஐயோ அலமாக், தட்டுலதான்மா வேலை செய்யுது. மனுசனுக்குக் குடுக்க இன்னும் எத்தனையோ வருசம் ஆகும்.”

துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன். செம்பனை முள் குத்திய உங்கள் காலுக்குத் தினமும் மஞ்சள் அரைத்துப் பூசியது யார்? நான்தான். உங்களைப் பார்த்துக்கொள்ளத்தானே படிவம் மூன்றோடு பள்ளியை விட்டேன்? கால் கறுத்தபிறகும், “ஆஸ்பத்திரிக்குப் போனா கால வெட்டிருவாங்க, நீ மஞ்ச போடு” என்றீர்கள். கால் போனால் போகட்டும் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை? எனக்கு நீங்கள் இருந்தால் போதாதா?

மாலையில் வீடு திரும்பினால், அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். உங்களைப்போல் அவருக்கும் இப்போது இனிப்புநீர், அந்தச் சர்க்கரை வியாதி. கட்டைவிரல் புண்ணில் மஞ்சள் அப்பியிருந்தது. எதிரே மாமா, உங்களுக்கு விற்ற அதே மஞ்சள் மாத்திரை டப்பாவோடு.

“யூனிவர்சிட்டியிலயே மஞ்சள் கிருமியக் கொல்லுதுனு சொல்லிட்டாங்க லா,” என்று கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார்.

“அது இது இல்ல மாமா. அவங்க மாத்தினது வேற, இந்த மாத்திரை வேற.”

“பாருக்கா, கூட்டுற புள்ள டாக்டராயிடுச்சு.”

அம்மா சிரித்தார். “மாமாவ எதிர்த்துப் பேசாதம்மா. ஒங்கப்பாவுக்கு மஞ்ச கேட்டுச்சு. நேரம்தான் சரியில்ல.”

நேரமா அப்பா? இது நீங்கள் விட்டுப்போன பிடிவாதம். மாமாமேல் இருப்பதைவிட உங்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவருக்கு அது வியாபாரம். நீங்கள் என் கையாலேயே பூசவைத்தீர்கள். எல்லாரும் துக்க வீட்டில் என்னைப் பாராட்டினார்கள், தெரியுமா? பொறுப்பான புள்ள என்று.

அம்மாவையும் உங்களிடம் அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

பேசின் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவினேன். மாமா பேசிக்கொண்டே இருந்தார். நான் வாடகைக் காருக்குச் சொல்லிவிட்டு, அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

உங்களை இன்னும் மன்னிக்காத மகள்,
புவனா