படத்தில் வலது கால்

ஹார்லெம், 1641 நவம்பர்

என் அன்புக் கணவர் கோவெர்ட்டுக்கு மாக்டெல்ட் எழுதுவது. நானும் குழந்தையும் நலம். ஆம்ஸ்டர்டாம் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிக் காலுறையை மறந்துவிட்டுப் போனீர்களே, இந்தப் படகில் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் செப்பில் செதுக்கி அச்சடித்த பிச்சைக்காரன் படம் சந்தையில் நன்றாகப் போகிறது. அதனாலேயே பாவம், க்ரேலிஸ் மாட்டிக்கொண்டான். பட்டாணிக் கஞ்சிக்காக நம் அடுப்படியில் கட்டைக்காலோடு உங்கள் முன்னால் நின்றானே, அவன்தான். பிச்சைக்காரர்களை மேற்பார்க்கும் அதிகாரி அந்தப் படத்தை வாங்கித் தன் சாப்பாட்டு அறையில் மாட்டியிருக்கிறார். பார்த்துப் பார்த்து மனப்பாடம். படத்தில் ஊனம் வலது காலில், தெருவில் வந்தவனுக்கோ இடது காலில். "நாளுக்கொரு காலைக் கட்டிக்கிட்டு ஊரை ஏமாத்துறியாடா?" என்று பிடித்து அடைத்துவிட்டார். சவுக்கடி கொடுத்துத் துரத்தப்போவதாகப் பேச்சு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உங்கள் செப்புத் தகட்டையும் தூக்கிக்கொண்டு அந்த அதிகாரியிடம் போனேன். தகட்டில் இடது கால்தான், காகிதத்தில் அழுத்தினால் இடம் வலமாகிவிடும் என்று காட்டினேன். மனிதர் தகட்டைப் பார்த்தார், க்ரேலிஸைப் பார்த்தார், காது சிவந்துபோனது. இவன் சும்மா இருக்கக் கூடாதா? "சுவத்துல தினமும் என்னைப் பாக்குறீங்க, வாசல்ல வந்து நின்னா மட்டும் கதவைச் சாத்துறீங்களே ஐயா" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

சவுக்கடி போயிற்று. ஆனால் வெளியூர்க்காரன் இங்கே தங்க ஒரு குடும்பத் தலைவர் நேரில் வந்து பொறுப்பேற்க வேண்டுமாம். மனைவி சொல் செல்லாதாம். கால்வாய் உறையும்வரைதான் தவணை. அப்புறம் பனியில் ஊர்க்கதவுக்கு வெளியே விட்டுவிடுவார்கள். உங்களைக் கேட்காமலே, நீங்கள் வருவீர்கள் என்று சத்தியம் செய்துவிட்டேன். திட்டுவதானால் வந்து திட்டுங்கள்.

இப்போது அவன் நம் அடுப்போரம்தான். குழந்தை அவன் கட்டைக்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள். அடுத்த முறை உட்கார்ந்திருப்பதுபோல் வரையச் சொல்கிறான். "எல்லார் வீட்டுச் சுவத்துலயும் நின்னு நின்னு கால் வலிக்குதக்கா" என்கிறான்.

காலையில் கால்வாய் ஓரத்தில் மெல்லிதாகப் பனி கட்டியிருந்தது. கடைசிப் படகு போவதற்குள் வந்துவிடுங்கள். க்ரேலிஸுக்காகத்தான் கூப்பிடுகிறேன். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களை வழியெல்லாம் காப்பாராக. உங்கள் நாற்காலியை மட்டும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

உங்கள்
மாக்டெல்ட்