எல்லா ஆட்டத்துக்கும் ஒரே ஷூ

14 ஜூலை 1992, செவ்வாய். தாம்பரம்.

ஓட்டம், கூடைப்பந்து, தாண்டல் அனைத்துக்கும் ஒரே ஷூவை வாங்கிவிடலாம் என்கிறார் பள்ளித் தாளாளர். உடற்கல்வி ஆசிரியரான என் ஒப்புதல் மட்டும் பாக்கி. பள்ளிக் கொள்முதல் கமிட்டியினர் மாதிரி ஷூவை மேசைமேல் வைத்து, கட்டைவிரலால் அமுக்கி, வளைத்து, முகர்ந்து பார்த்துத் தலையாட்டினர். ஒருவரும் காலில் போடவில்லை.

நான் போட்டுக்கொண்டு கூடைப்பந்துத் தளத்தில் இறங்கினேன். நேராக ஓடியபோது குறையில்லை, அதையும் சொன்னேன். பக்கவாட்டில் வெட்டித் திரும்பியதும் பாதம் ஷூவின் அடிப்பாகத்தை விட்டு வெளியே சரிந்தது.

"போகப் போக செட் ஆயிடும் சார்," என்றார் ஷூவைக் கொண்டுவந்த பல்லாவரத்து வியாபாரி.

"நீங்க போட்டுத் திரும்புங்களேன்."

"எனக்கு முட்டி வலி சார்."

தாளாளர் சிரித்தார். "சின்னப் பசங்க தாங்குவாங்க சார், விடுங்க."

"போன வருஷம் இப்படித் திரும்பும்போது கணுக்கால் முறிஞ்ச பொண்ணு இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் வருது சார். நாளைக்கு நீங்க இதைப் போட்டு ஒரு தடவை திரும்பிக் காட்டுங்க. கையெழுத்துப் போடறேன்."

குரலை உயர்த்தவில்லை. தாளாளர் அதைப் போட்டுத் திரும்பப் போவதில்லை; நானும் கையெழுத்திடப் போவதில்லை. அவருடைய கால் அளவு எட்டு என்று பியூன் சொன்னார். எட்டாம் எண் ஜோடியை, லேஸை அவிழ்த்து, அவர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.