பாரி கைப்பற்றிய கோப்பை

விருத்தாசலம்
4.8.2025

அன்புள்ள கொளஞ்சி அண்ணனுக்கு,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் கடிதம்.

பட்டாளத்துக்காரர்கள் போரிலிருந்து கொண்டுவந்ததைக் கேட்டு வாங்கி, ஊரார் வந்து பார்க்க உங்கள் கண்ணாடி அலமாரியில் சேர்க்கிறீர்கள். கார்கில் முடிந்து என் அண்ணன் பாரி லீவில் வந்தபோது, "என்னடா எடுத்தாந்த?" என்று ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். தொல்லை தாங்காமல் அவர் டீ குடித்த கோப்பையைக் கழுவி, "பதுங்குகுழியில கெடந்துச்சு, வச்சிக்க" என்றார். அது நம் ஊர்ப் பீங்கான் சூளையில் வெந்தது. வாங்கியவன் நான்.

அவர் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று அவர் மகள் தென்றல் உங்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தாள். 'செத்த எதிரியிடம் பாரி கைப்பற்றியது' என்று அட்டை இருக்கிறதாம். "சித்தப்பா, அப்பா செத்தவங்ககிட்ட இருந்தா எடுத்தாரு?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அவள் அப்பா பொய்யர். சொல்லாவிட்டால் திருடர். அட்டையை எடுத்துவிடுங்கள்.

தம்பி
மதிவாணன்

பெண்ணாடம்
9.8.2025

அன்புத் தம்பி மதிவாணனுக்கு,

இங்கே நலம். பாரி மனைவிக்கும் பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

கோப்பை நம் ஊருடையது என்று அன்றே தெரியும். என் வீட்டிலும் அதே கோப்பைதான். நண்பன் முகத்துக்கு நேரே மறுக்க மனம் வரவில்லை. அட்டை நான் எழுதியதுதான். டீ கோப்பை என்று எழுதினால் யார் நின்று பார்ப்பார்கள்? இப்போது நிற்கிறார்கள், அவன் பெயரை வாசிக்கிறார்கள். வேறு எங்கே அவன் பெயர் இருக்கிறது, சொல். அட்டை இருக்கட்டும்.

அன்பு அண்ணன்
கொளஞ்சிநாதன்

விருத்தாசலம்
14.8.2025

கொளஞ்சிநாதனுக்கு,

நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று நினைத்து இருபத்தாறு வருடம் உங்களுக்காகக் கூச்சப்பட்டேன். தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள்.

அன்று நீங்கள் கோப்பையோடு போன பிறகு பாரி என்னிடம் சொன்னது இது: "செத்துக் கெடந்தவன் சட்டப்பையில ஒரு பல்பொடி பொட்டலம் இருந்துச்சு மதி. காலையில பல்லு வெளக்க வச்சிருக்கான். தொடாம வந்துட்டேன்." அதற்குப் பிறகு கடைசிவரை பல் துலக்கும்போது பாதியில் நின்றுவிடுவார். அண்ணி போய்த் தோளைத் தொடவேண்டும்.

நேற்று தென்றலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் அழுதாள். "எடுக்கலல்ல, அது போதும்" என்றாள்.

கோப்பையும் அட்டையும் உங்களிடமே இருக்கட்டும். எங்கள் வீட்டிலிருந்து இனி யாரும் அங்கே வரமாட்டோம்.

கீழே 'தம்பி' என்று எழுதக் கை வரவில்லை. வெறும் பெயரைப் போட்டால் யாரோ எழுதியது போல இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்கும் என்னால் இன்னும் போகமுடியவில்லை. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.