கட்டிலோர நாற்காலி

கண்ணு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். அம்மாவின் புற்றுநோய் வலிக்குக் கொடுத்த மாத்திரை நன்றாகத்தான் கேட்டது. ஆனால் கட்டிலோரம் நம் கடை நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாற்காலியைத் தூக்கிக் கடைக்கே கொண்டுபோய்விட்டேன்.

"பாவம், இப்ப நிக்கிறா. கால் வலிக்காதா?" என்றாள்.

"ஏதாவது பேசறாளா?" என்று கேட்டேன்.

"உங்க பொண்ணாச்சே! வீம்புக்கு வாயே திறக்கல. முடியை மட்டும் தோள் வரைக்கும் வெட்டிட்டு வந்திருக்கா."

அவள் பார்த்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

டாக்டர் பதறவில்லை. "மாத்திரையோட வேலைங்க அது, வேற தர்றேன்" என்றார். புது மாத்திரையில் வலியும் இல்லை, நீயும் இல்லை. அம்மாதான், "பழையதையே குடுங்க, அவ போயிட்டா" என்று சுவரைப் பார்த்து அழுகிறாள்.

என்னோடு பேசாவிட்டால் போகட்டும். அவளோடு பேச வா. நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டேன். அதில் யாரும் உட்காருவதில்லை, நான் உட்பட.

இடுப்பு வரை பின்னலோடு வீட்டை விட்டுப் போனவள் நீ. அப்படியே வருவாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்டியிருந்தாலும் வா. எப்போது வெட்டினாய் என்று கேட்க மாட்டேன்.

அப்பா