காளைக்குப் பல் பார்த்தவருக்கு

மாமாவுக்குத் துளசிமணி வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் இருமலும் மயிலைப் பசுவின் சினையும் எப்படி இருக்கிறதென்று எழுதுங்கள். நான் கோயமுத்தூர் ஹாஸ்டலில் நூறு பேருக்குச் சமைத்துக்கொண்டு சுகமாகவே இருக்கிறேன்.

உதிரப்போக்கு நிற்கவில்லை என்று தனியார் ஆசுபத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். போனில் சொன்னதும் நீங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே, "காப்பீட்டுக் கார்டுல சும்மாதான பண்றாங்க, எடுத்துப்போடு அம்மணி" என்றீர்கள். கண்ணபுரம் சந்தையில் ஒரு காளைக்கன்று வாங்கப் பல் பார்த்து, சுழி பார்த்து, ஏழு பேரைக் கேட்டு, ரெண்டு நாள் கிடந்த மனுசன் நீங்கள். கட்டிய பெண்டாட்டி வயிற்றுக்கு ஒரு கொட்டாவி போதுமாக்கும். சும்மா என்றால் உங்கள் மூக்கையும் எடுத்துக்கொள்ளச் சொல்வீர்களோ?

"ஏனுங்க டாக்டர், எடுக்காம உட்டா என்னாகுமுங்க?" என்று கேட்டேன். "கார்டு இருக்குதல்ல, அப்புறம் என்னம்மா கேள்வி?" என்று எரிந்து விழுந்தார். ஸ்கேனை வாங்கிக்கொண்டு அரசாங்க ஆசுபத்திரி வரிசையில் போய் நின்றேன். அங்கே டாக்டரம்மா, "கட்டி சின்னதுதானுங்க, ரத்தந்தான் கம்மி. மாத்திரை சாப்பிட்டு மூணு மாசங்கழிச்சு வாங்க" என்றார். அதனால் எடுக்கவில்லை. இது உங்களைக் கேட்டு எழுதவில்லை, தெரிவித்து எழுதுகிறேன்.

முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்து, ராகி மாவோடு அனுப்புங்கள். நூறு பேருக்குப் பரிமாறுகிறேன், நீ தின்றாயா என்று கேட்க ஒரு ஆளில்லை. மூணாம் மாசம் வரிசையில் என் பக்கத்தில் நிற்க நீங்களே வர வேண்டும். குழம்பு பொங்குகிறது, நிறுத்துகிறேன். காளைக்குக் கேட்டதில் பாதிக் கேள்வியாவது கொண்டுவாருங்கள்.

துளசிமணி